நடவு வரிசையில் என் பெயர்

17 செப்டம்பர் 2024, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. கருவாட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஒரு மாதத்தை எப்படித் தள்ளுவது என்று இவருக்கு இப்போதே முகம் தொங்கிப் போயிருக்கிறது.

காலையில் மேலத்தெருவில் பிரஷர் பார்த்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர் வேலைக்கு வந்து மூன்று வருஷமாகிறது. அந்தத் தெருவில் இன்னும் சிலர் என்னிடம் கையை நீட்ட யோசிக்கிறார்கள். நீட்டாவிட்டால் எனக்கென்ன, பிரஷர் அவர்களுக்குத்தானே.

நர்ஸ் குந்தவை என்னைப் பிடித்துக்கொண்டாள். "பூவிழிக்கா, பழைய அரவை மில்லுல பெங்கால் ஆளுங்க நடவுக்கு வந்திருக்காங்கல்ல? இந்த வருஷம் பொம்பளைங்களையும் கூட்டிட்டு வந்திருக்காங்களாம். முப்பது வயசு தாண்டினவங்களை இங்க கூட்டிட்டு வாங்க. மார்புல கட்டி கிட்டி இருக்கான்னு பாத்துடுவோம்."

"அவங்க பாஷை எனக்கு என்னத்தத் தெரியும்?"

"உங்களுக்குப் பாஷை எதுக்குக்கா? அதான் வாய் இருக்கே."

எல்லாரும் இதையே சொல்கிறார்கள்.

19 செப்டம்பர், வியாழன்

இன்று பட்ட அவமானத்தை எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

சாயங்காலம் மில்லுக்குப் போனேன். குந்தவை கொடுத்த படச்சுருளைச் சுவரில் மாட்டினேன். மார்பின் படம், பெரிய படம், கலர் படம். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடிவிட்டார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால் என் முதுகுக்குப் பின்னால் ஆம்பளைகள் அத்தனை பேரும் நிற்கிறார்கள்! மேஸ்திரி மட்டும் மரியாதையாக, "வேலை இருக்கு மேடம்" என்றான். சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கேட் வரைக்கும் ஒருத்தி பின்னாலேயே வந்தாள். ஷமா. மேஸ்திரியின் மனைவி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவளாம், தமிழ் நன்றாகவே பேசுகிறாள். "ஆம்பளைங்க முன்னாடி இப்படிப் படத்தை விரிச்சா எப்படிங்க அக்கா?" என்றாள்.

கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது சரிதானே? என் தெருவில் இப்படிச் செய்திருப்பேனா?

போகும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஆஸ்பத்திரில கார்டு கேப்பாங்களா? எங்க பேச்சைக் கேட்டாலே எந்த நாடுன்னு கேக்குறாங்க அக்கா. நாங்க இந்த நாடுதாங்க."

20 செப்டம்பர், வெள்ளி

குந்தவையிடம் கேட்டேன். கார்டு வேண்டாம், பெயர் சொன்னால் போதும், உள்ளே தன்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள் என்றாள்.

ஒரத்தநாட்டிலிருந்து சுடர்விழி பேசினாள். என் மகள் அங்கே கால்நடை மருத்துவம் படிக்கிறாள். "நாங்க மாட்டுக்கு மடி பாக்கறோம், நீ மனுஷிக்குப் பாக்கறே. உனக்குப் பாத்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டாள். "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன்.

23 செப்டம்பர், திங்கள்

மேலத்தெரு நடராசன் வயலில் நடவு. வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். யப்பா, என்ன வேகம்!

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சேற்றில் இறங்கும் முன் ஷமா ஒவ்வொருத்தி பெயராகக் கூப்பிடுகிறாள். அவளவள் "இருக்கேன்" என்று அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டு இறங்குகிறாள். பிரசவத்துக்கு ஊரிலேயே தங்கிவிட்ட ஒருத்தியின் பெயரையும் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற ஜோஸ்னா "இருக்கா" என்று பதில் சொல்லிவிட்டு அவள் பங்கு அகலத்தையும் சேர்த்து நட்டாள். கூலி எல்லாருக்கும் பொது, ஊரில் இருப்பவளுக்கும் பங்கு போகிறது. இன்னொரு சட்டமும் உண்டு. ஒருத்தி கரையேறினால் எல்லாரும் கரையேற வேண்டும். பாதியில் யாரும் தனியாக ஏறக் கூடாது.

எங்கள் தெரு அம்சம் அந்த வழியாக வந்தாள். நடவாள்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள். என்னைப் பார்த்ததும் நின்றாள். "நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தவளுங்களுக்கு நீ வைத்தியம் பாக்கறியாக்கும்? நல்லா இருடியம்மா, நல்லா இரு!" அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? இவர்கள் வந்ததிலிருந்து அவள் ஆட்களுக்கு வேலை பாதியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். எனக்கே ஆச்சரியம்.

ஒன்று கவனித்தேன். நாற்று முடிச்சை எல்லாரும் மார்போடு அணைத்துத் தூக்குகிறார்கள். ஷமா மட்டும் இடது இடுப்பில் வைத்தே தூக்குகிறாள். ஒருமுறை முடிச்சு வலது பக்கம் இடித்தபோது முகம் சுருங்கியது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க."

25 செப்டம்பர், புதன்

இன்று நானும் இறங்கினேன்.

அம்மாவோடு நட்டது, கல்யாணமான புதிதில் நட்டது. அத்தோடு விட்டது. இடுப்பு மறந்துவிட்டது, கை மறக்கவில்லை. ஷமா பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்து என்னிடம் நின்றாள். பூவிழி என்றேன். அவர்கள் வாயில் அது நுழையவில்லை. "பூபிலி புபு!" என்றாள். புபு என்றால் அக்காவாம். "இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். வரிசையே சிரித்தது. நான் நட்டது கோணல் என்று ஜோஸ்னா அதைப் பிடுங்கி மறுபடி நட்டாள். திமிர்பிடித்தவள்.

ஆம்பளைகள் எல்லாம் நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். சோறு சாப்பிட ஏறியபோது படமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் ஆரம்பித்தேன். கையளவு சேற்றை வரப்பில் வழித்துப் போட்டேன். "சேத்துக்குள்ள நத்தை ஓடு கிடந்தா அதைக் கண்ணு பாக்குதா, விரல் பாக்குதா?" ஷமா அவர்கள் பாஷையில் சொன்னாள். எல்லாரும் விரலைத் தூக்கிக் காட்டினார்கள். "அந்த விரலுக்குத் தெரியாததா? மூணு விரலைச் சேத்துத் தட்டையா வையுங்க. வட்டமா, அழுத்தி. மார்பு முழுசும், அக்குள் வரைக்கும். எதாவது தட்டுப்பட்டா மறைக்காதீங்க. தட்டுப்படலைன்னாலும் ஒரு தடவை நர்ஸம்மாகிட்ட காட்டிடுங்க."

ஜோஸ்னா கண்ணை மூடிக்கொண்டு சேற்றைத் தடவினாள். உண்மையிலேயே ஒரு நத்தை ஓடு கிடைத்தது. அதை என் மேல் எறிந்தாள். ஒரே கும்மாளம். ஷமா மட்டும் சொல்லி முடித்ததும் எழுந்து தண்ணீர்ப் பக்கம் போய்விட்டாள்.

26 செப்டம்பர்

இடுப்பு போச்சு. இவர் தைலம் தேய்த்தபடி, "உனக்கு இது தேவையா?" என்றார். தேவைதான்.

29 செப்டம்பர், ஞாயிறு

ஷமா சொல்லிவிட்டாள். குடமுருட்டி ஆற்றுப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நானாக எதுவும் கேட்கவில்லை. அவளே ஆரம்பித்தாள். வலது மார்பில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று. ரம்ஜானிலிருந்து இருக்கிறது. புருஷனுக்குக்கூடத் தெரியாது. இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "எனக்கு எதாவதுன்னா அதுங்க என்ன பண்ணும் அக்கா?"

நாளைக்கே போகலாம் என்றேன். முடியாது என்கிறாள். "தனியா எப்படிங்க ஏறுவேன்? வரிசை நிக்கும்ல?" உயிர் போகிற காரியத்துக்குமா அந்தச் சட்டம்? கத்திவிட்டேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

சரி. ஒருத்தியைக் கூட்டிப்போக வேண்டுமானால் எல்லாரையும் கூட்டிப்போக வேண்டும். அவ்வளவுதானே?

1 அக்டோபர், செவ்வாய்

மில்லில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். வருகிறோம் என்கிறார்கள். ஆனால் ஜோஸ்னா என்னைக் கைகாட்டி ஏதோ கேட்டாள். ஷமா சிரித்தபடி சொன்னாள்: "புபுவும் காட்டுவாங்களான்னு கேக்குறா."

"நானா? நான்தானேடி உங்களைக் கூட்டிட்டுப் போறேன்!"

"பேர் கூப்பிட்டப்ப இருக்கேன்னு சொன்னீங்கல்ல? அப்ப நீங்களும் வரிசைதான்."

மாட்டிக்கொண்டேன். சரி, காட்டுகிறேன் என்றேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் புதிதா?

3 அக்டோபர், வியாழன்

நடராசனிடம் ஒரு நாள் நடவை நிறுத்தக் கேட்கப் போனேன். குதித்தார்.

"நாத்துக்கு முப்பது நாள் தாண்டுது. இன்னும் கடத்தினா தூர் கட்டாது, தெரியுமா உனக்கு?"

"முப்பது தாண்டினவங்களைத்தான் சார் நானும் கூட்டிட்டுப் போறேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி கமலாம்பாள் சிரித்துவிட்டார். வெளியே வந்து, "ஒரு நாள்ல நாத்து கிழவியாயிடாது. விடுங்க, போயிட்டு வரட்டும்" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "நானும் வரலாமா பூவிழி?" என்று கேட்டார். அந்த வீட்டு வாசலில் என் பெயரை அந்தம்மா சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

7 அக்டோபர், திங்கள்

எல்லாரும் ஒரு குட்டியானையில் ஏறிப் போனோம். கமலாம்பாள் டிரைவர் பக்கத்தில், நாங்கள் பின்னால் நின்றுகொண்டு. வழியெல்லாம் பாட்டு. மேஸ்திரியும் சைக்கிளில் பின்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றான். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நல்லவன்தான்.

குந்தவை கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். யாரிடமும் கார்டு கேட்கவில்லை. வெளியே வருகிற ஒவ்வொருத்தியும் ஏதோ பரீட்சை பாஸ் பண்ணினவள் மாதிரி வந்தாள். ஷமா வெகுநேரம் கழித்து வந்தாள். தஞ்சாவூர் போய் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று குந்தவை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஷமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் நான். படுத்துக்கொண்டு வளவளவென்று பேசிக்கொண்டிருந்தேன். நடராசன் கதை, நாற்றுக் கதை. குந்தவை சிரித்துக்கொண்டே பார்த்தாள். இடது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, அவள் விரல் நின்றது. போய்விட்டு, திரும்பவும் அங்கேயே வந்தது.

"அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க."

8 அக்டோபர்

ஒன்றும் இருக்காது.

10 அக்டோபர், வியாழன்

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி. நானும் ஷமாவும். அழைத்துப்போனது நானா அவளா என்று தெரியவில்லை. மார்பை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நசுக்கிப் படம் எடுக்கிற மெஷின். வலிதான், ஆனால் பல்லைக் கடித்து மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடுகிறது. இனிமேல் யாரிடமும் "வலிக்காது" என்று பொய் சொல்லக் கூடாது. அப்புறம் இரண்டு பேருக்கும் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரமாகும்.

பஸ்ஸில் ஷமா என் தோளில் தூங்கிவிட்டாள். பாபநாசம் வரை நான் தூங்கவில்லை.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. இவர் மோட்டாருக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்தார். நான் பிரஷர் மெஷினுக்குச் சந்தனம் வைத்தேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் மறைக்காதே மறைக்காதே என்று சொல்கிறவள் நான்.

12 அக்டோபர்

சொல்லிவிட்டேன். இவர் எழுந்து போய் பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார். எதற்கு என்றால், "போக வரத் தேவைப்படும்ல" என்கிறார்.

17 அக்டோபர், வியாழன்

ஷமாவுக்கு ஒண்ணுமில்லை. சாதாக் கட்டி. வேணும்னா எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம், பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

எனக்கு இருக்கு.

என்ன எழுதறது? எனக்கா? கல்லு மாதிரி இருந்தேனே — ஒரு நாள் தலைவலின்னு படுத்ததில்லையே — எனக்கு ஏன்? அவளுக்கு இல்லைன்னதும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, சத்தியமா சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அடுத்த நிமிஷமே அவ மேல கோவம் வந்துச்சு. சீ. இதையும் எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

ஷமா ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தனக்கு ஒன்றுமில்லை என்று வந்த அன்றைக்கு எனக்காக அழுகிறாள். நான் அவளைத் தேற்றினேன். போகிறவர்கள் வருகிறவர்கள் அவளுக்குத்தான் ஏதோ என்று நினைத்திருப்பார்கள்.

21 அக்டோபர், திங்கள்

டாக்டரம்மா விளக்கமாகப் பேசினார். கட்டி சின்னதுதான். பக்கத்தில் அதிகம் பரவின மாதிரி தெரியவில்லை. ஆபரேஷன், பிறகு மருந்து, பிறகு கரண்ட் என்கிற கதிர்வீச்சு. "நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நாம வேற பேச்சு பேசிக்கிட்டிருப்போம். யாரு உங்களைக் கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டார்.

"நடவுக்கு வந்தவங்கம்மா" என்றேன்.

26 அக்டோபர், சனி

நடவு முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஜோஸ்னா என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். பிரித்தால் அந்த நத்தை ஓடு! கழுவி வைத்திருந்தாள் போக்கிரி. ஷமா கட்டிப்பிடித்தபோது என் இடது பக்கம் படாமல் பிடித்தாள். "அடுத்த வருஷம் பேர் கூப்பிடுவேன். இருக்கணும்" என்றாள்.

இவர்களை ஏதோ பெயர் தெரியாத தெய்வம் எங்கிருந்து எங்கே அனுப்பி வைத்தது! நான் அவர்களைக் காப்பாற்றப் போகிறேன் என்று படச்சுருளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

12 நவம்பர், செவ்வாய்

ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு நாள் ஆகிறது. கட்டியையும் அக்குளில் கொஞ்சத்தையும் எடுத்திருக்கிறார்கள். வலது கையால் எழுதுகிறேன், நல்லவேளை. சுடர்விழி லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிறாள். தையலைப் பார்த்துவிட்டு, "நாங்க மாட்டுக்கு இதைவிட நல்லா போடுவோம்" என்றாள். சிரித்தால் தையல் இழுக்கிறது.

10 டிசம்பர், செவ்வாய்

முதல் மருந்து ஏற்றியாயிற்று. வாயெல்லாம் புண். முடி தலையணையில் கிடக்கிறது. இவர் ரசம் வைக்கிறார். மருந்தையாவது தாங்கிக்கொள்ளலாம்.

இன்று அம்சம் வந்தாள். கையில் தூக்குவாளி, வயல் நண்டு ரசம். மூடியைத் திறந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் மேலேயே வாந்தி எடுத்தேன். "போனாப் போவுது, புடவைதானே" என்று தரையையும் என்னையும் துடைத்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து கேட்டாள். "எப்படிடி கண்டுபிடிச்சாங்க?"

"பெங்கால்காரிங்க இழுத்துட்டுப் போகலைன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது அம்சம்."

அவள் வெகுநேரம் தூக்குவாளியின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஒருத்தியாப் போறதுக்குத்தான் பயமா இருக்கு. எங்க ஆளுங்களும் அப்படித்தான் சொல்றாளுங்க" என்றாள்.

"ஒருத்தியா எதுக்குடி போறே? எல்லாரும் ஒண்ணா ஏறுங்க" என்றேன்.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். அடுப்பைப் பார்க்க எழுந்து வந்து நின்றேன், அதுவே போதும். அம்சமும் அவள் ஆட்களும் போன வாரம் குந்தவையிடம் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். யாருக்கும் பயப்படும்படி ஒன்றுமில்லை. வந்து வாசலில் நின்று அம்சம் சொன்ன தோரணையைப் பார்க்க வேண்டுமே, கப்பல் ஓட்டிவிட்டு வந்தவள் மாதிரி!

2 பிப்ரவரி, ஞாயிறு

ஷமா வீடியோவில் வந்தாள். அங்கே இப்போதுதான் நடவாம். பனி மூட்டம், சேறு, பின்னால் வரிசை நிற்கிறது. "காலையில உங்க பேரும் கூப்பிட்டேன் புபு. ஜோஸ்னாதான் இருக்கான்னு சொன்னா. உங்க பங்கை அவதான் நடுறா." ஜோஸ்னா பின்னாலிருந்து கோணலாக நடுகிற மாதிரி நடித்துக் காட்டினாள்.

என் மொட்டைத் தலையில் முக்காடு போட மறந்துவிட்டேன். அவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

எங்கேயோ கிடக்கிற வயலில் என் பெயருக்கு ஒரு பங்கு நடுகிறார்கள். நான் அந்த மண்ணை மிதித்ததுகூட இல்லை. நன்றி என்று எழுதினால் அந்தச் சொல் பத்தவில்லை.

28 ஏப்ரல், திங்கள்

கரண்ட் வைத்து முடிந்தது. மார்பு கருத்துப்போயிருக்கிறது. டாக்டரம்மா, "இனிமே செக்கப்புக்கு வந்தா போதும்" என்றார். இடது கையில் காயம் பட விடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சேற்று வேலை கூடவே கூடாது.

16 ஜூன்

மறுபடி பிரஷர் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மேலத்தெருவில் கமலாம்பாள் முதல் ஆளாகக் கையை நீட்டினார். அவர் நீட்டினதும் பக்கத்து வீட்டுக்காரம்மாவும் நீட்டினார்.

18 செப்டம்பர் 2025, வியாழன்

மறுபடி புரட்டாசி, மறுபடி கருவாடு இல்லை, மறுபடி இவர் முகம்.

நேற்று அவர்கள் வந்து இறங்கினார்கள். இன்று நடராசன் வயலில் நடவு. இந்த வருஷம் ஆள் பற்றவில்லை என்று மேஸ்திரியே அம்சத்திடம் போய்க் கேட்டிருக்கிறான். அவள் ஆட்களும் அதே வரிசையில், கூலி எல்லாருக்கும் பொது. அம்சம் நேற்றே மில்லுக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டாளாம். என்ன பாஷையில் பேசினாளோ!

நான் வரப்பில் நின்றேன். முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது, சுருட்டையாக. ஷமா பார்த்தாள். ஓடி வரவில்லை. வேலை முதலில். வரிசையைப் பார்த்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். அம்சமும் சொன்னாள். எல்லாப் பெயரும் முடிந்தது. ஷமா நிறுத்தினாள்.

"பூபிலி புபு!"

ஊரே மெச்சுகிற வாய், அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. ஜோஸ்னா வாயைத் திறப்பதற்குள் அம்சம் முந்திக்கொண்டாள்.

"இருக்கா, இருக்கா! கரையில நின்னு அழுவுறா பாரு. அவ பங்கை நான் நடறேன், நீ வந்து இறங்கு!"

மத்தியானம் எல்லாரும் கரையேறியபோது வரப்போடு நடந்து போய்ப் பார்த்தேன். என் பங்கு நேராகத்தான் இருந்தது.